பன்னிரண்டுக்கு எட்டு மேடையில் ஆறு பேர்

வடசென்னையில் புதிதாகப் பாட்டுக் குழு ஆரம்பிக்கிற பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கலாம்ணா?" என்றுதான். அளவெடுக்கிற டேப் ஒன்று வாங்குங்கள் என்று சொன்னால் முகம் தொங்கிப்போகும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 500 வாட்ஸை 1000 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு "கொஞ்சம் ஏத்தினாங்க போல" என்று படுகிற அளவு, அவ்வளவுதான். அதே பாக்ஸுக்கும் கேட்கிற ஆளுக்கும் நடுவே உள்ள தூரத்தைத் திறந்தவெளியில் பாதியாகக் குறைத்தால் 6 டெசிபெல் கூடும், அதுவும் காசில்லாமல். இந்தக் கணக்கு மண்டையில் ஏறிவிட்டால், மேடையில் எதை எங்கே வைப்பது என்கிற யோசனை தானாக வரும்.

நமக்குக் கிடைக்கிற மேடைகளைப் பாருங்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருமுனை, வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் மொட்டை மாடிப் பிறந்தநாள், வண்ணாரப்பேட்டை மண்டபத்தில் ரிசப்ஷன், காசிமேடு பக்கம் மாதா கோயில் திருவிழா, பதினாறாம் நாள் காரியத்துக்குக் கானா. எப்போதாவது ஒரு ஓட்டல் பார். இதில் ஒன்றுகூடப் பாட்டுக்காகக் கட்டிய இடம் கிடையாது. அதனால் இடத்துக்கு ஏற்ற மாதிரி நாம்தான் மடங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் போய்ப் பாருங்கள்

அட்வான்ஸ் கைக்கு வந்த அடுத்த நாளே இடத்தைப் பார்த்துவிடுங்கள். கச்சேரி நடக்கப்போகிற அதே நேரத்துக்குப் போவது நல்லது. காலை பத்து மணிக்குப் போனால் தெரு சாதுவாக இருக்கும். ராத்திரி எட்டுக்குத்தான் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவது தெரியும். தண்டவாளம் பக்கத்தில் இருந்தால் ரயில் எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று போகிறது என்று நின்று பாருங்கள். ரயில் போகும்போது மைக்கில் பேசி ஜெயிக்க முடியாது. தாளத்தை ஓடவிட்டு அது போகிறவரை சும்மா இருப்பதே மரியாதை.

அப்புறம் டேப்பை எடுங்கள். "மேடை பன்னிரண்டுக்கு எட்டுபா, தாராளமா இருக்கும்" என்பார் விழாக்காரர். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் பாக்ஸ் ஸ்டாண்டுக்கு இரண்டிரண்டு அடி போயிற்று. பின்னால் ஃபிளெக்ஸ் சட்டத்துக்கு அரை அடி. முன்னால் தலைவர் வந்து பேச ஒரு மைக், சால்வை போட ஆள் நிற்க ஒன்றரை அடி. நமக்கு மிஞ்சுவது எட்டுக்கு ஆறு, அதாவது 48 சதுர அடி. டிரம்ஸ் செட் ஒன்றே ஆறுக்கு ஆறு கேட்கும். ஆகவே டிரம்ஸை வீட்டில் விட்டுவிட்டு, தட்டினால் டிரம்ஸ் சத்தம் தருகிற மின்னணு ரிதம் பேட் எடுத்துப் போங்கள். அது ஆளோடு சேர்த்து மூன்றுக்கு மூன்றில் அடங்கும். கீபோர்டுக்கு நாலுக்கு மூன்று. டோலக்குக்கு உட்கார்ந்து வாசிக்க மூன்றுக்கு மூன்று. கிட்டார் இரண்டரைக்கு இரண்டு. பாடுகிறவர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு அதே இரண்டரைக்கு இரண்டு. கூட்டினால் 45. மீதி மூன்று சதுர அடியில் ஒயரும் தண்ணீர் பாட்டிலும். ஏழாவதாகப் புல்லாங்குழல்காரரைச் சேர்க்க ஆசைப்பட்டால் அவர் யார் மடியில் உட்காருவார் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேடைக்கு எப்படிப் போவது என்பதையும் அன்றைக்கே பார்க்க வேண்டும். குட்டியானை எந்தத் திருப்பம் வரை வரும், அதற்கப்புறம் எவ்வளவு தூரம் தூக்க வேண்டும், மண்டபம் என்றால் எத்தனையாவது மாடி, லிஃப்டில் பேஸ் பாக்ஸ் நுழையுமா. பந்தல்காரர் பலகையை இரும்பு டிரம் மேல் பரப்புகிறாரா, சவுக்குக் கட்டை கட்டி ஏற்றுகிறாரா என்றும் கேளுங்கள். டிரம் மேல் பரப்பிய பலகை தாளத்துக்குத் தானும் சேர்ந்து உறுமும்.

வீட்டுக்கு வந்து, மொட்டை மாடியில் சாக்பீஸால் எட்டுக்கு ஆறு கட்டம் போடுங்கள். ஒத்திகை முழுவதும் அந்தக் கோட்டுக்குள்தான். கிட்டார் கழுத்து யார் கண்ணில் குத்துகிறது, டோலக்காரருக்குப் பாடகரின் முதுகைத் தவிர என்ன தெரிகிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். எங்கள் குழுவில் இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான், கீபோர்டுக்காரரும் டோலக்காரரும் நேருக்கு நேர் பார்த்து உட்கார வேண்டும் என்பதே புரிந்தது. மற்றவர்கள் எங்கே நின்றாலும் சமாளிக்கலாம். அந்த இரண்டு பேரின் கண் சந்திக்காவிட்டால் பல்லவி முடிகிற இடம் தவறிப்போகும்.

கரண்டு

இதில் மட்டும் வெட்கமில்லாமல் கேள்வி கேளுங்கள். இணைப்பு எங்கிருந்து வருகிறது? ஜெனரேட்டரா, தெருக் கம்பமா, பக்கத்து வீட்டு வராந்தாவா? எர்த் இருக்கிறதா?

கொடுங்கையூர் பக்கம் ஒரு தெருமேடை. எங்கள் கிட்டார்க்காரர் கோரஸ் பாட மைக்கில் வாய் வைத்தார். உதட்டில் சுள்ளென்று ஒரு கடி. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை வைத்தார், இன்னொரு கடி. விசாரித்தால், எல்லா மைக்கும் வந்து சேருகிற மிக்சர் ஜெனரேட்டரில் ஓடுகிறது, கிட்டார் ஆம்ப் மட்டும் எதிர்வீட்டு பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அவர் உதடு வழியாகப் போயிருக்கிறது. அன்றைக்கு ஊசி குத்தின அளவோடு போனது. ஈரக் காலோடு நின்றிருந்தால் கதை வேறு.

அதிலிருந்து எங்கள் பழக்கம் இது. மேடையில் இருக்கிற கீபோர்டு, ஆம்ப், பேட், லேப்டாப் எல்லாவற்றுக்கும் கரண்டு ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து, மிக்சர் எடுக்கிற அதே லைனில். சீரியல் செட்டும் லைட்டும் வேறு லைனில். எதையும் சொருகுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் சுமாருக்கு இருக்க வேண்டும். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கழன்றுவிட்டால் அந்த இடத்தில் 400 வரை ஏறும். கீபோர்டு அடாப்டர் புகைகிற வாசனை வந்தபிறகு மீட்டரைத் தேடிப் பிரயோஜனமில்லை. எல்லாம் போட்டு முடித்ததும், மைக் வலைக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவே மீட்டரை வைத்தால் சைபருக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாட வேண்டாம்.

"கும்ம்ம்" என்று அடியில் ஓர் இரைச்சல் கேட்கிறதே, அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சத்தம். பெரும்பாலும் லேப்டாப் சார்ஜர் வழியாக வரும். உடனே யாராவது கட்டிங் பிளேயரோடு வந்து, "எர்த் முள்ளை வெட்டிட்டா போயிரும்பா" என்பார். போகும், கூடவே நம் உயிருக்கான காவலும் போகும். அதற்கென்றே டிஐ பாக்ஸில், அதாவது வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நடுவே போடுகிற சின்னப் பெட்டியில், கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டினால் போதும். குழுவின் முதல் சம்பாத்தியத்தில் பாக்ஸ் வாங்குவதற்குப் பதில் இரண்டு டிஐ வாங்கி வையுங்கள் என்பேன்.

செட்டுக்கார அண்ணன்

நமக்கு சவுண்ட் போடுகிறவர் பெரும்பாலும் விழாக்காரர் பேசி வைத்த மைக்செட் அண்ணன்தான். காலையிலிருந்து பக்திப் பாட்டு போட்டு, மதியம் அன்னதான அறிவிப்பு சொல்லி, களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார். போனதும், "அந்த மிக்சர் சரியில்லை" என்று தொடங்கினால் அன்றைய ராத்திரி அவ்வளவுதான். பேரைக் கேளுங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எந்த ஒயர் என்று ஒரு தாளில் வரைந்து நீட்டுங்கள். மைக் மூன்று, டோலக்குக்கு மைக் இரண்டு, கீபோர்டு, பேட், கிட்டாருக்கு லைன் ஒவ்வொன்று. மொத்தம் எட்டு. பாடகர்கள் இரண்டு பேருக்கு மைக் மூன்று எதற்கு என்றால், ஒன்று தலைவருக்கு. அதை மறந்தால் நடுப்பாட்டில் நம் மைக்கைப் பிடுங்குவார்கள்.

எங்கே எதை வைப்பது

முன் பாக்ஸ் எப்போதும் மைக்குகளைவிட முன்னால் இருக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் வைத்தால் சத்தம் மைக்குக்குள் திரும்ப நுழைந்து "ஊய்ங்" என்று கூவும். பாக்ஸை ஆள் தலைக்கு மேலே, ஆறேழு அடிக்கு ஏற்றுங்கள். கீழே இருந்தால் முதல் வரிசையின் வயிறே சத்தத்தை விழுங்கிவிடும், பின்வரிசை "கேக்கலை" என்று கத்தும், அண்ணன் ஏற்றுவார், முதல் வரிசையில் குழந்தை அழும்.

பேஸ் பாக்ஸைப் பலகை மேடையில் ஏற்றாதீர்கள், தரையில் வையுங்கள். சுவர் மூலையில் தள்ளினால் பேஸ் கூடும், இலவசமாகக் கிடைக்கிறதே என்று சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் மண்டபத்தில் அது கூடிக் கொழகொழவென்று ஆகி, பாட்டின் சொல்லை மூடிவிடும். மூலையை விட்டு நகர்த்தினாலே பாதி தெளிவு வந்துவிடும்.

மானிட்டர் என்பது நம் பாட்டு நமக்கே கேட்க மேடையில் வைக்கிற பாக்ஸ். அதை வைப்பதற்கு மைக்கின் குணம் தெரிய வேண்டும். 1966-ல் வந்து இன்னும் எல்லா மேடையிலும் ஓடுகிற ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம் காது மந்தம். அதன் வால் காட்டுகிற திசையில் மானிட்டர் இருந்தால் கூவாது. சூப்பர் கார்டியாய்டு வகைக்கு மந்தமான இடம் பின்பக்கத்தில் சற்று ஒதுங்கி இரண்டு ஓரத்திலும் இருக்கும், அதற்கு மானிட்டரைக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். எந்த மைக்காக இருந்தாலும், தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் இந்தக் கணக்கு மொத்தமும் காலி. மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். கானா பாடுகிற நம் தம்பிகளுக்கு அப்படிப் பிடிப்பதுதான் ஸ்டைல். என்ன செய்ய? கைப்பிடியில் பிடிக்கச் சொல்லி மோதிர விரலில் ஒரு டேப் சுற்றிவிடுவேன், ஞாபகத்துக்கு.

கடலோர மேடைக்கு மட்டும் காற்றைப் பாருங்கள். சாயங்காலக் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். காற்றை எதிர்த்து நிற்கிற பாக்ஸின் சத்தம் மேலே வளைந்து ஆகாயத்துக்குப் போய்விடும். விழாக்காரர் ஒத்துக்கொண்டால் மேடையைக் கடல் பக்கம் போட்டு மேற்கே பார்த்துப் பாடுங்கள். அந்த ஈரக்காற்று டோலக்கின் தோலையும் தளர்த்தும். இடது பக்கம் தொப்பென்று விழுந்துவிடும். பை உறையோடு வைத்திருந்து, மேடையேறுவதற்குக் கொஞ்சம் முன் எடுத்து இழுத்துக் கட்டுங்கள். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை சரிபார்க்க நேரம் விடுங்கள். பறை இருந்தால் காய்ச்ச ஓர் ஓரம் வேண்டும், பந்தல் துணியிலிருந்து தள்ளி.

சவுண்ட் செக்: ஏற்றுவதற்கு முன் இறக்குங்கள்

மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடர் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டில் எவ்வளவு பலமாகப் பாடுவாரோ அதே பலத்தில் பாட வேண்டும். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ" என்று கிசுகிசுத்தால், மைக்கின் சத்தம் மிக்சருக்குள் எவ்வளவு பலமாக நுழைய வேண்டும் என்று வைக்கிற கெய்னை அண்ணன் திருகி ஏற்றி வைப்பார், முதல் பாட்டில் அலறும். சிவப்பு லைட் எரியாத அளவுக்குக் கெய்ன், அப்புறம் ஃபேடர். பாடகர் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். மேடைப் பலகையின் தடதடப்பு அதோடு போய்விடும். குரல் கொழகொழப்பாக இருந்தால் 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையில் கொஞ்சம் குறையுங்கள். எதையாவது ஏற்ற வேண்டும் என்று தோன்றினால், முதலில் அதை மறைக்கிற இன்னொன்றைக் குறைத்துப் பாருங்கள்.

எக்கோவைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மாட்களுக்கு எக்கோ இல்லாவிட்டால் பாட்டு மாதிரியே இல்லை. சரி, போடுங்கள். பேசும்போது மட்டும் நிறுத்தச் சொல்லி அண்ணனிடம் சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். "அனைவருக்கும் வணக்கம்... ணக்கம்... க்கம்" என்று தொடங்குகிற கச்சேரியை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தெருவில் இன்னொரு வம்பு, தூரத்துக் கம்பங்களில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். 34 மீட்டர் தள்ளியிருக்கிற குழாயிலிருந்து நம் தாளம் நமக்கே பத்தில் ஒரு நொடி தாமதமாகத் திரும்பி வரும். அதைக் கேட்டு வாசித்தால் தாளம் இழுத்துக்கொண்டே போகும். பேட் வாசிப்பவரின் பக்கத்தில் சின்ன மானிட்டர் ஒன்று வையுங்கள். எல்லோரும் அதை மட்டும் கேளுங்கள், தெருவைக் கேட்காதீர்கள்.

மண்டபத்தில் வேறு மாதிரி. சாயங்காலம் நாலு மணிக்குக் காலி ஹாலில் கைதட்டினால் சத்தம் பளிங்குத் தரையிலும் கண்ணாடியிலும் மோதி மோதி வரும். பயந்து எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டாம். ஏழரைக்குப் பட்டுப் புடவையும் ஆட்களுமாக ஐந்நூறு பேர் உட்கார்ந்தால் எதிரொலியில் பெரும்பகுதியை அவர்களே உறிஞ்சிக்கொள்வார்கள். இரண்டாவது பாட்டில் ஒருமுறை கேட்டுத் திருத்துங்கள்.

பாரில் வாசிப்பதென்றால்

பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர்கள் இன்ஸ்டிடியூட்டில் பேண்டு வைத்து ஆடிய காலத்தைப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது நம் பக்கம் பேண்டு வைக்கிற பாரை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிடைத்தால் விடாதீர்கள், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

மேடை இருக்காது. டிவிக்குக் கீழே இரண்டு மேஜையை நகர்த்தித் தருவார்கள், பக்கத்தில் சமையல்கட்டுக் கதவு. அந்தக் கதவு திறக்கிற வட்டத்துக்குள் மைக் ஸ்டாண்டு வைக்காதீர்கள், சிக்கன் 65 தட்டோடு வருகிறவர் நின்று பார்த்துவிட்டு வரமாட்டார். எனக்கு ஒரு மேலாளர் சொன்ன அளவுகோல் இன்றைக்கும் உபயோகப்படுகிறது: "ஆர்டர் எடுக்கிற பையன் குனியாம கேக்கணும்பா. குனிஞ்சான்னா நீ சத்தம்." முதல் பாட்டில் பாட்டைவிட அந்தப் பையனின் முதுகைத்தான் நான் பார்ப்பேன்.

கூரையில் பதித்த சின்ன ஸ்பீக்கர்களில் நம்மைச் சொருகச் சொல்வார்கள். அவை பதிவு செய்த பாட்டு மெதுவாக ஓடுவதற்கு வைத்தவை, பேஸ் தாங்காது. பெரும்பாலும் இடது, வலது என்று பிரியாமல் மோனோவாகத்தான் ஓடும். கீபோர்டின் இடது பக்கம் மோனோ என்று எழுதியிருக்கிற ஜாக்கில் மட்டும் சொருகுங்கள், வலதில் மட்டும் போட்டால் பாதி வாத்தியம் காணாமல் போகும். முடிந்தால் கூரை ஸ்பீக்கரை விட்டுவிட்டு, ஸ்டாண்டு மேல் சின்ன பாக்ஸ் ஒன்று நீங்களே கொண்டுபோங்கள். அந்த அறைக்கு அது போதும். பேட்டில் கிக், அதாவது பெரிய டிரம்மின் "தும்" சத்தத்தைப் பாதியாக்குங்கள்.

பத்து மணி

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரத்துக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், ராத்திரி 45 என்று அளவு இருக்கிறது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாக இருக்கலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் கச்சேரி பேசினால் இதை முதலில் கேளுங்கள். அனுமதிச் சீட்டு விழாக்காரர் பொறுப்புதான், ஆனாலும் அதைப் போட்டோ எடுத்து நம் போனிலும் வைத்திருப்பது புத்தி. பாட்டுப் பட்டியலை 9:45-க்கு முடிகிற மாதிரி போடுங்கள். கடைசிப் பாட்டு எதுவோ அது எட்டு நிமிஷப் பாட்டாக இருக்கக் கூடாது. நிறுத்தச் சொல்லிப் போலீஸ்காரர் வருவது எப்போதும் அந்தப் பாட்டின் நடுவில்தான்.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: துணி டேப், உபரி ஒயர் இரண்டு, 9 வோல்ட் பேட்டரி, டார்ச், மீட்டர், ஃபியூஸ், பாட்டுத் தாள் பறக்காமல் இருக்கத் துணி கிளிப், மழைக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் ஷீட். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு ஷீட். மிக்சர் மேல் ஒன்று, ஜங்ஷன் பாக்ஸ் மேல் ஒன்று. தூறல் விழுந்தால் முதலில் கரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டு அப்புறம் மூடுங்கள்.

முடிந்ததும் மீதிப் பணத்தை ஒருவர் வாங்கட்டும், மற்றவர்கள் ஒயர் சுற்றட்டும். முழங்கையில் சுற்றாதீர்கள், உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு ஆறு மாதத்தில் அறுந்துபோகும். ஒரு வளையம் நேராக, அடுத்தது திருப்பி, பெரிய வட்டமாக. கடலோரத்தில் வாசித்துவிட்டு வந்தால் மறுநாள் காலையில் ஜாக் முனைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், உப்பு பிடித்துவிடும். வண்டி ஏறுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியது மைக் கிளிப். ஆறு கொண்டுபோனால் ஐந்துதான் கையில் இருக்கும். ஆறாவதைத் தேட டார்ச்சை எடுத்துக்கொண்டு மேடைப் பலகைக்கு அடியில் குனியுங்கள்.